பிடி

பீன்யாவில், மூன்றாம் எண் கூண்டுக்குள்,
பதினோரு வருஷமாக என் பொறுப்பில் இருப்பது
ஆறு மூட்டுள்ள ஒரு மஞ்சள் கை.
சைலன்சர் குழாய்க்கு வெல்டிங் வைக்கும்.
கண் கிடையாது.
குழாய் இருக்க வேண்டிய இடத்தில் என் தோள் இருந்தால்
தோளையும் குழாயென்றே பற்றவைக்கும்.
அதனால்தான் கூண்டு, கதவில் பூட்டு,
சாவி என் கழுத்துக் கயிற்றில்.
ஆள் உள்ளே இருந்தால் கை ஓடக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே
கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி.

ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியில்
அதைத் தலைகீழாகச் செய்தார்கள்.
என்னை உள்ளே படுக்கவைத்துவிட்டு
எல்லோரும் வெளியே போகிறார்கள்.
"பயப்படாதீங்க அக்கா" என்றாள் நாகவேணி.
பயமில்லை, கடைசியாக க்ரீஸ் எப்போது வைத்தார்கள்
என்று கேட்டேன்.
சிரித்துக்கொண்டே கதவை மூடினாள்.
சுவர் அளவு கனமான கதவு.
அது மூடிய பிறகுதான் கை அசைந்தது.

வெள்ளைக் கை.
நாலாவது மூட்டு திரும்பும்போது வரும்
அந்தச் சின்ன முனகல்கூட அதேதான்.

வலது நுரையீரலின் அடியில்,
சுண்டைக்காய் அளவு.
மூச்சோடு ஏறும், மூச்சோடு இறங்கும்.
அதற்கு அடையாளம் வைக்க
போன வாரம் ஊசி வழியாக
மூன்று தங்கத் துணுக்குகளை உள்ளே இறக்கினார்கள்,
அரிசி நொய் மாதிரி.
அப்பா கோலார் சுரங்கத்தில்
இருபத்தாறு வருஷம் இறங்கி ஏறியவர்.
ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்து மேலே வந்தால்
வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பார்களாம்.
நெஞ்சு நிறைய அவர் கொண்டுவந்த தூசியை
எந்த டார்ச்சும் தேடவில்லை.
என்னுடைய மூன்று துணுக்குக்கு
பில் இருக்கிறது.

ஸ்பீக்கரில் நாகவேணி:
"உசிரு பிடி அக்கா. ஆராமாகி பிடி."

இருபது வருஷமாகக் கன்னடத்தில் சண்டை போடுகிறவள் நான்.
மூச்சை விடச் சொல்கிறாள், தெரியும்.
ஆனால் மல்லாந்து கிடக்கும்போது
காது தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறது.
தமிழில் எழுதிப் பார்த்தால்
அவள் விடச் சொன்னதும்
நான் பிடித்துக்கொண்டதும்
ஒரே எழுத்து.
அதுவுமில்லாமல், எங்கள் வீட்டில்
உசிரை விட்டார் என்றால் அது வேறு சேதி.

பிடித்துக்கொண்டேன்.

கை நின்றது.
பீன்யாவில் அது நின்றால் சைரன் அலறும்,
ஷிஃப்ட் மேனேஜர் ஓடிவருவார்,
நின்ற நிமிஷத்துக்குக் கணக்கு எழுதுவார்.
இங்கே சும்மா நின்றது,
என் நெஞ்சின்மேல் ஒட்டிய மூன்று சிவப்பு விளக்குகளைப்
பார்த்தபடி.
எந்த இயந்திரமும் எனக்காகக் காத்திருந்து
நான் கண்டதில்லை.

"அக்கா, பிடி, பிடி!"

விட்டேன்.
கையும் நகர்ந்தது.
நான் ஏறினால் ஒரு நூல் ஏறி,
இறங்கினால் ஒரு நூல் இறங்கி,
வலது விலாப்பக்கம் சுற்றி வந்து,
ஏதோ செய்தது. என்னவென்று சொல்ல
சூடில்லை, வலியில்லை, வெளிச்சமும் இல்லை.

ஐந்து நாள். தினம் முக்கால் மணி நேரம்.
திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கேட்கக் கூச்சம்.
பார்க்க ஒன்றுமில்லாத நோயாளிக்கு
யார் எழுந்து கொடுப்பார்கள்?
கேன்டீனில் பார்வதம்மா தழும்பைக் காட்டு என்றாள்.
இல்லை என்றேன்.
"அப்புறம் இவ்வளவு பணத்துக்கு
என்னதான் பண்ணினாங்க?"
மூன்று மாதம் கழித்து ஸ்கேன்,
அப்போது கேள் என்றேன்.

இன்று காலை சாவியைத் திருகினேன்.
மஞ்சள் கை என்னைப் பார்க்காமல்
தன் வேலையைத் தொடங்கியது.
ஒரு குழாய்க்கு நாற்பத்திரண்டு வினாடி.
அதற்குள் எனக்குப் பதினோரு மூச்சு.

முன்பு எண்ணியதில்லை.